மீட்டருக்கு அந்தப் பக்கம்: கேப் டவுன் வறட்சியும் கசிவுத் தண்ணீரும்

2018 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வீட்டுக் குழாய்களை மொத்தமாக மூடும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் தப்பித்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. குளியல் நேரத்தைக் குறைத்தது, குளித்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றியது, ஊற்றுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றது என்று பெரும்பாலும் மக்களின் சிக்கனம்தான் அதில் வரும். இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறு பகுதி, அதாவது யாரும் பயன்படுத்தாமலே போய்க்கொண்டிருந்த தண்ணீர். அதைக் குறைப்பதில் மாநகராட்சியால் தனியாக எதுவரை போக முடிந்தது, எந்த இடத்தில் அதன் கை எட்டாமல் நின்றது, அந்த இடத்துக்கு யார் வந்து சேர்ந்தார்கள், எது பலித்தது, எது கெட்ட பெயரில் முடிந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆட்களின் பெயர் வேண்டாம், அவர்கள் வகித்த பொறுப்பு போதும்.

பின்னணி: ஏற்கெனவே நல்ல பெயர் வாங்கிய ஊர்

கேப் டவுனில் சுமார் 40 லட்சம் பேர். தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்க மழையை நம்பியது. தீவாட்டர்ஸ்குளூஃப், ஃபூல்ஃப்ளே, பெர்க் நதி அணை, வெம்மர்ஸ்ஹூக், மேல் ஸ்டீன்பிராஸ், கீழ் ஸ்டீன்பிராஸ் ஆகிய ஆறு பெரிய அணைகளும் சேர்ந்து சுமார் 90 கோடி கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர்) பிடிக்கும், அதில் பாதிக்கு மேல் தீவாட்டர்ஸ்குளூஃப் ஒன்றிலேயே. மழை வருவது மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில். அணைத் தண்ணீரில் பெரும்பங்கு நகரத்துக்குப் போகிறது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்கு. அணைகளில் சில மாநகராட்சியின் கையில், சில தேசிய நீர்த்துறையின் கையில். இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த ஊர் கசிவு விஷயத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஊர் கிடையாது. தென்னாப்பிரிக்கா முழுக்க நகரங்களுக்கு அனுப்பும் தண்ணீரில் சுமார் 37 விழுக்காட்டுக்குக் கசிவு முதலிய காரணங்களால் பணம் வருவதில்லை என்று 2012-இல் வந்த தேசிய ஆய்வு சொன்னது. கேப் டவுனின் நிலை அதைவிட நன்றாகவே இருந்தது. 2015 டிசம்பரில் பாரிஸில் சி40 என்ற, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கைகோத்த பெருநகரங்களின் கூட்டமைப்பு இந்த ஊரின் நீர்ச்சேமிப்புத் திட்டத்துக்கு விருதே கொடுத்தது. வறட்சியின் முதல் ஆண்டு அது என்பதுதான் வேடிக்கை.

அந்த நல்ல பெயருக்குப் பின்னால் கயெலிட்ஷா இருந்தது. சுமார் நான்கரை லட்சம் பேர் வாழும் ஏழைக் குடியிருப்பு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே உள்ளே போகும் தண்ணீரை அளந்தபோது மணிக்குச் சராசரியாக 25 லட்சம் லிட்டர் ஓடியது. சரி, பெரிய ஊர், ஓடட்டும் என்று விடலாம். ஆனால் எல்லாரும் தூங்கும் நள்ளிரவிலும் மணிக்கு 16 லட்சம் லிட்டர் ஓடியது. தெருவில் எங்கும் பெரிய உடைப்பும் இல்லை, வெள்ளமும் இல்லை. பிறகு சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீரை அளந்தார்கள். உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி அப்படியே அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கசிவு மண்ணுக்கடியில் இல்லை, வீடுகளுக்குள் இருக்கிறது: மட்டமான குழாய்கள், நிற்காமல் ஒழுகும் கழிவறை ஃபிளஷ் டேங்குகள். அந்தச் சாமான்கள் தாங்கக்கூடியதைவிட மிக அதிக அழுத்தத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வீடு வீடாகப் போய் மாற்றுவதற்கு முன்னால் மாநகராட்சி ஆட்கள் அழுத்தத்தைக் குறைத்தார்கள். ஊருக்குள் வரும் இரண்டு மெயின் லைன்களில் அழுத்தக் குறைப்பு வால்வுகள் வைத்து, இரவில் இன்னும் கீழே இறக்கினார்கள். சராசரி ஓட்டம் மணிக்கு 15 லட்சம் லிட்டருக்கு இறங்கியது, நள்ளிரவு ஓட்டம் ஏழரை லட்சத்துக்கு. ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கிலோலிட்டர் மிச்சம். ஒரு வாஷர்கூட மாற்றாமல் கிடைத்த மிச்சம் இது.

இதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஃபிளஷ் டேங்க் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக ஒழுகியது, அவ்வளவுதான்.

கவனித்தது: மூன்று மழைக்காலம் பொய்த்தபோது

2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகளும் மழை தொடர்ந்து ஏமாற்றியது. 2017 பதிவேட்டிலேயே மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான். அணைகளில் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் 13.5 விழுக்காட்டுக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, சுமார் 200 இடங்களில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு 25 லிட்டர் கொடுப்பது என்று திட்டம். அந்த நாளுக்குத்தான் ‘டே ஜீரோ’ என்று பெயர். ஜனவரி கடைசியில் அதை ஏப்ரல் 12 என்று கணித்தார்கள்.

இந்த நிலையில் ஒரு மாநகராட்சிப் பொறியாளரின் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும்? தெருவுக்கடியில் உள்ள மெயின் லைன் அவருடையது. உடைப்பு அவருடையது, வால்வு அவருடையது. மீட்டர் வரைக்கும் அவர் ராஜா. மீட்டரைத் தாண்டியதும் தண்ணீர் ‘நுகர்வு’ ஆகிவிடுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவறையில் இரவெல்லாம் ஓடும் தண்ணீரும் நுகர்வுதான், மீட்டர் சுற்றுகிறது, பில் போகிறது, கணக்குப்படி இழப்பே கிடையாது. நகரத்தின் இழப்பு விழுக்காடு அழகாகத் தெரிவதற்கு இப்படி ஒரு காரணமும் உண்டு, எந்த ஊரின் எண்ணைப் பார்த்தாலும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ஏற்கெனவே கசிவைக் குறைத்து வைத்திருந்த ஊரில் அவசரத்துக்குப் பிழிந்தெடுக்கச் சுலபமான தண்ணீர் மிச்சமில்லை. முதலில் அடைக்கவேண்டிய பெரிய ஓட்டைகளை எப்போதோ அடைத்தாயிற்று. மிஞ்சியவை சிறியவை, சிதறிக் கிடப்பவை, பெரும்பாலும் மீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவு கைக்குள் இருந்ததைச் செய்வது. கயெலிட்ஷாவில் பழகிய அழுத்தக் குறைப்பை நகரம் முழுக்க விரித்தார்கள். குழாய் வலையை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாசலிலும் வால்வு வைத்து, தேவைக்குத் தக்க அழுத்தம். இதன் இயக்கம் எளிமையானது: அழுத்தம் குறைந்தால் ஓட்டை வழியே போகும் தண்ணீரும் குறைகிறது. பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விழுந்த விரிசல் என்றால் அழுத்தம் ஏற ஏற விரிசலே வாய் திறக்கும், அதனால் அழுத்தத்தைப் பாதியாக்கினால் கசிவு பாதிக்கும் கீழே போகும். வறட்சியில் இதைவிட வேகமாகப் பலன் தரும் வேலை வேறு இல்லை, தோண்டவும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். மேட்டுப் பகுதிகளிலும் உயரமான கட்டடங்களிலும் தண்ணீர் ஏறாமல் போனது, புகார் வந்தது, அதைத் தெரிந்தேதான் செய்தார்கள்.

இரண்டாவது முடிவு மாநகராட்சியிலிருந்து வரவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் ஆய்வாளர் ஒருவரின் குழு, தண்ணீர் மீட்டரோடு இணைத்து நிமிடக் கணக்கில் ஓட்டத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒரு கருவியை வைத்திருந்தது. அதைப் பள்ளிகளில் பொருத்தலாம் என்று 2017 கடைசியில் ஒரு முயற்சி கிளம்பியது. நிறுவனங்கள் ஆளுக்குச் சில பள்ளிகளைத் தத்தெடுத்துக் கருவிக்கும் பராமரிப்புக்கும் பணம் கொடுத்தன, ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமம் தனியாக நூறு பள்ளிகளுக்கு. உள்ளூர் வானொலி அதைப் பற்றித் தினமும் பேசியது. மாகாணக் கல்வித்துறை கதவைத் திறந்துவிட்டது. 300-க்கும் மேற்பட்ட பள்ளிகள் சேர்ந்தன.

ஏன் பள்ளிகள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். பள்ளியில் ஆள் இருப்பது நாளைக்கு எட்டு மணி வீதம் ஐந்து நாள், அதாவது 40 மணி. மீதி 128 மணி நேரம் அங்கே ஒரு சொட்டுகூட ஓட வேண்டிய அவசியமில்லை. வீட்டில் இரவு இரண்டு மணிக்கு ஓடினால் யாரோ எழுந்து போயிருக்கலாம் என்று சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம், பூட்டிக் கிடக்கும் பள்ளியில் ஓடினால் அது கசிவுதான், வாதாட இடமில்லை. டிசம்பரில் அங்கே நீண்ட கோடை விடுமுறை வேறு. ஒரு ஃபிளஷ் டேங்க் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், காதில்கூட விழாது. நாளைக்கு 1,440 லிட்டர். ஐம்பது லிட்டர் பங்கீட்டில் அது 28 பேருடைய ஒரு நாள் தண்ணீர்.

மூன்றாவதாக, கருவியோடு நிறுத்தாமல் பழுதுக்கும் பணம் ஒதுக்கினார்கள். சுமார் 200 பள்ளிகளில் பள்ளிக்கு 5,000 ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்ற வரம்புக்குள் பிளம்பரை அனுப்பி, ஒழுகும் குழாய், வாஷர், ஃபிளஷ் டேங்க், சிறுநீர்த்தொட்டி வால்வு போன்ற சாதாரண வேலைகளை மட்டும் முடிப்பது. அந்த வரம்பு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பெரிய சீரமைப்பு என்று போனால் டெண்டர், ஒப்புதல், அடுத்த நிதியாண்டு என்று இழுக்கும். சின்னத் தொகை என்றால் நாளைக்கே வேலை தொடங்கலாம்.

நான்காவது முடிவு வீடுகளைப் பற்றியது, வறட்சிக்கு முன்பிருந்தே நடந்துவந்தது. தண்ணீர் பில் பாக்கி ஏறிப்போன ஏழை வீடுகளுக்கு மாநகராட்சி ஒரு பேரம் வைத்தது: பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம், வீட்டுக்குள் உள்ள கசிவை ஒரு முறை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், பதிலுக்கு நாளைக்கு 350 லிட்டர் போனதும் தானாக மூடிக்கொள்ளும் கருவியை ஏற்றுக்கொள்ளுங்கள். வறட்சியில் இதே கருவியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தும் வசதியான வீடுகளிலும் மாட்டினார்கள்.

ஐந்தாவது, நகரத்துக்கு வெளியே. எல்ஜின், கிராபோ பகுதியின் பழத்தோட்ட விவசாயிகளுக்குச் சொந்தமாக அணைகள் இருந்தன. அவர்களுடைய கிரூன்லாண்ட் நீர்ப் பயனாளர் சங்கம் 2018 பிப்ரவரியில் அந்த அணைகளிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை மேல் ஸ்டீன்பிராஸ் அணைக்குத் திறந்துவிட்டது. பொது அணைகளை நம்பியிருந்த மற்ற விவசாயிகளுக்கு அந்த ஆண்டு 60 விழுக்காடு வெட்டு, பிப்ரவரி வாக்கில் பலர் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள், அதனால் அணையிலிருந்து வயலுக்குப் போவதும் தானாகவே சுருங்கியது. இது கசிவு சம்பந்தப்பட்டதில்லை, இருந்தாலும் இதை விட்டுவிட்டுக் கதை சொன்னால் அது பாதிக் கதை. டே ஜீரோ தள்ளிப்போனதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, பாராட்டு மட்டும் பெரும்பாலும் நகரத்தின் ஷவர்களுக்குப் போய்விட்டது.

பின்னர் நடந்தது

டே ஜீரோ பிப்ரவரியில் மே 11-க்குப் போனது, அப்புறம் ஜூன் 4, அப்புறம் ஜூலை 9. மார்ச் தொடக்கத்தில், மழை கைவிடாவிட்டால் இந்த ஆண்டு அது வராது என்று அறிவித்தார்கள். 2015 கோடையில் நாளைக்கு 120 கோடி லிட்டர் அளவில் இருந்த நகரத்தின் பயன்பாடு 2018 தொடக்கத்தில் 50 கோடி அளவுக்கு வந்துவிட்டிருந்தது. இதில் எவ்வளவு சிக்கனம், எவ்வளவு அழுத்தக் குறைப்பு, எவ்வளவு கட்டண உயர்வின் பயம் என்று கத்தியால் கீறிப் பிரிக்க முடியாது, பிரித்துச் சொல்கிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பள்ளிகளில் மட்டும் ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது, ஏனென்றால் பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அளவு இருந்தது. சாதாரண பிளம்பிங் வேலை முடிந்த பிறகு ஆளில்லா நேர ஓட்டம் கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. இன்னொரு தனிச் சோதனையில், பள்ளிகளுக்கு அவர்களுடைய பயன்பாட்டுக் கணக்கை அனுப்பியும் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுக் காட்டியும் பார்த்தார்கள். அதில் 15 முதல் 26 விழுக்காடு வரை குறைவு கிடைத்தது.

கால் பங்கு என்பது நல்ல எண்தான், ஆனால் முக்கால் பங்கு கசிவு அப்படியே நின்றது என்றும் அதைப் படிக்கலாம். மண்ணுக்கடியில் உள்ள பள்ளி வளாகக் குழாய்கள், 5,000 ரேண்டுக்குள் அடங்காத வேலைகள், சரிசெய்து சில வாரத்தில் மறுபடி ஒழுகத் தொடங்கியவை எல்லாம் அந்த முக்கால் பங்கில்தான் வரும். கைப்பேசிக்கு எச்சரிக்கை வருவதால் மட்டும் கசிவு நிற்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஸ்டாப்காக்கை, அதாவது கட்டடத்துக்குள் வரும் தண்ணீரை அடைக்கும் வால்வை, மூட ஒரு காவலாளி வேண்டும், அவருக்கு ஸ்டாப்காக் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், மறுநாள் பிளம்பருக்குப் பணம் கொடுக்க யாருக்காவது அதிகாரம் இருக்க வேண்டும். கூட்டு முயற்சி என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த மூன்று பேரிடம் வந்துதான் நிற்கிறது.

350 லிட்டர் கருவி கெட்ட பெயர் வாங்கியது. காகிதத்தில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றால் நியாயமாகத் தெரியும். அந்த ஒரு மீட்டரில் முன்வீடு, பின்னால் கொட்டகையில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஆளுக்கு 35 லிட்டர்கூட வராது, மதியத்துக்குள் தண்ணீர் நின்றுவிடும். இலவசக் கசிவுப் பழுது ஒரு முறைதான். அதன்பிறகு ஃபிளஷ் டேங்க் மறுபடி ஒழுக ஆரம்பித்தால், அந்த 350 லிட்டரையும் இரவே அது குடித்துவிடும், காலையில் குடும்பத்துக்கு எதுவும் இல்லை. கருவியே பழுதான புகார்களும் ஏராளம். பள்ளிகளுக்குத் தகவலும் பிளம்பரும் கிடைத்தன, ஏழை வீடுகளுக்குப் பூட்டு கிடைத்தது. இத்தனைக்கும் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் குடிசைப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து நகரத்தின் தண்ணீரில் சுமார் 5 விழுக்காட்டைத்தான் பயன்படுத்தின.

பணப் பக்கமும் கசந்தது. தண்ணீர் விற்பனை பாதியானதும் மாநகராட்சியின் வருமானமும் சரிந்தது, செலவு சரியவில்லை. சொத்து மதிப்பை வைத்து ‘வறட்சி வரி’ போடப் பார்த்தார்கள், எதிர்ப்பு குவிந்ததும் 2018 ஜனவரியில் கைவிட்டார்கள். ஜூலையில் மீட்டர் குழாயின் அளவுக்கேற்ப ஒரு நிலைக்கட்டணம் வந்தது. மிச்சம் பிடித்ததற்குத் தண்டனையா என்று சனங்கள் கேட்டார்கள். பதில் சொல்லக்கூடிய கேள்விதான், குழாயும் வால்வும் ஆட்களும் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு வைக்கின்றன. ஆனால் அதைச் சிக்கனம் செய்யச் சொன்ன அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

2018 குளிர்காலம் பரவாயில்லாமல் பெய்தது. செப்டம்பர் கடைசியில் அணைகள் 70 விழுக்காட்டைத் தாண்டின, அக்டோபரிலும் டிசம்பரிலும் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பயன்பாடு பழைய 120 கோடிக்குத் திரும்பவில்லை.

திரும்பச் செய்வதானால் எதை மாற்றுவது

அழுத்தக் குறைப்பை வறட்சிக்காகக் காத்திருக்காமல், அணை நிரம்பியிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மேட்டுப்பகுதிப் புகார்களை நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அதோடு, குறைந்த அழுத்தத்தில் ஒழுகுவது ‘சரியாகிவிட்ட’ கணக்கில் சேரக் கூடாது. அழுத்தத்தை இறக்கிய மண்டலத்தில் பின்னாலேயே பழுதுபார்க்கும் ஆட்கள் போகவேண்டும், இல்லாவிட்டால் வால்வு பழுதாகும் நாளில் எல்லாக் கசிவும் ஒன்றாகத் திரும்பிவரும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. சேமிப்பு நன்றாக நடந்ததால்தான் புதிய நீராதாரங்களைத் தள்ளிப்போட்டார்கள், அதனால்தான் வறட்சியில் மாட்டிக்கொண்டார்கள் என்பார்கள். ஓரளவு உண்மைதான். கசிவைக் குறைத்துக் கிடைக்கும் தண்ணீரை அவசரத்துக்கான இருப்பாக ஒதுக்காமல், வளரும் தேவைக்கு ஒவ்வோர் ஆண்டும் கொடுத்துவிட்டால் வறட்சி வரும்போது கையில் எதுவும் இருக்காது. ஆனால் அதற்குக் கசிவை அப்படியே விட்டுவைப்பது பதிலாகாது.

பள்ளித் திட்டத்தில் நான் மாற்றுவது ஒன்றைத்தான், அது பணம் வரும் வழி. நன்கொடை பயத்தில் வந்தது, மழை வந்ததும் வானொலி வேறு விஷயத்துக்குப் போய்விடும், நிறுவனமும் போய்விடும். முதல் ஆண்டு மிச்சமாகும் பில் தொகையில் ஒரு பங்கு அந்தப் பள்ளியின் பராமரிப்புக் கணக்கிலேயே தங்கும்படி கல்வித்துறையோடு முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தால், இரண்டாவது முறை ஒழுகும்போது பிளம்பரைக் கூப்பிட யாரிடமும் கையேந்த வேண்டாம். பில்லைக் கட்டுவது ஒருவர், கசிவைப் பார்ப்பது இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில் கசிவு யாருக்கும் வலிக்காது.

வீடுகளில் அந்தக் கருவியை ஆள் எண்ணிக்கை கேட்காமல் மாட்டக் கூடாது. மாட்டினால், ஒரு முறைப் பழுது என்பதை ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்ற வேண்டும். செலவு அதிகம் என்று உடனே சொல்வார்கள், ஒழுகும் டேங்க் ஒன்று நாளைக்கு எத்தனை பேருடைய தண்ணீரைக் கொண்டுபோகிறது என்ற கணக்கு மேலே இருக்கிறது.

விவசாயிகளோடு ஒப்பந்தம் பிப்ரவரி நெருக்கடியில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. எந்த மட்டத்துக்கு அணை இறங்கினால் யார் எவ்வளவு விடுவது, அதற்கு ஈடாக என்ன என்று நல்ல ஆண்டிலேயே எழுதி வைக்கலாம். நீர்ப்பிடிப்பு மலைகளில் பைன், வாட்டில் போன்ற அயல் மரங்கள் உறிஞ்சும் தண்ணீர் ஆண்டுக்குச் சுமார் 5,500 கோடி லிட்டர் என்று மதிப்பிட்டு, அவற்றை வெட்ட 2018 கடைசியில் ஒரு கூட்டு நிதி தொடங்கியிருக்கிறார்கள். நகரமும் நிறுவனங்களும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் அதில் இருக்கின்றன. இங்கும் அதே கேள்வி வரும்: வெட்டிய இடத்தில் மறுபடி முளைப்பதை அடுத்த பத்து ஆண்டுக்கு யார் பிடுங்குவது?

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. பெரிய கட்டடங்களின் பில்லில் மாத மொத்தத்துக்குப் பக்கத்தில் நள்ளிரவு ஓட்டத்தையும் அச்சிடலாம், நிமிடக் கணக்கு தரும் மீட்டர் இருக்கும் இடத்தில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை கிலோலிட்டர் என்றால் ஒரு தலைமையாசிரியருக்கு அது கூடுதலா குறைவா என்றே தெரியாது. இரவு இரண்டு மணிக்கு உங்கள் பள்ளியில் மணிக்கு 300 லிட்டர் ஓடுகிறது என்றால் விளக்கம் தேவைப்படாது.